தைலமரத்தடிக் காளான்

நஸ்ரின், நீ திருச்சி ஹாஸ்டலில் தூங்கியிருப்பாய். காலையில் எழுந்து இதைப் படி. நான் மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கட்டிலில் எங்கள் பெரியப்பா. அம்மாவிடம் பேசினால் அழுகிறாள். ரோகிணி அக்காவிடம் பேசினால், எல்லாம் தன் கல்யாணத்தால்தான் என்று ஆரம்பித்துவிடுகிறாள். உன்னிடம்தான் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமையிலிருந்து கண்ணை மூடினால் இலை தெரிகிறது, இலை மேல் காளான் தெரிகிறது. பயத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஆனாலும் இன்றைக்குச் சொல்ல நல்ல சேதி இருக்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்காவைப் பார்த்துவிட்டுப் போன திருக்கோஷ்டியூர் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை கை நனைக்க வருவதாக இருந்தது. உங்கள் வீட்டில் இந்த வழக்கம் உண்டா தெரியவில்லை. பெண் பார்க்க வந்தால் எங்கள் பக்கம் காப்பித் தண்ணியோடு எழுந்து போய்விடுவார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு. இதற்கு முன் வந்த ஒரு வரன் அப்படித்தான் போனது. அக்கா ஒரு மாதம் வாசல் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் கறி எடுக்க முடியாது. என்ன சமைப்பது என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ராத்திரி இடி இடித்து நல்ல மழை பெய்தது. மறுநாளே பெரியப்பா சொல்லிவிட்டார்.

"கறி என்னத்துக்கு? புத்துக்காளான் போடுறேன். தின்னுட்டு கைய மோந்துக்கிட்டே ஊரு போய்ச் சேரட்டும்."

பெரியப்பாவை உனக்குத் தெரியும். சேவுகப்பெருமாள் என்றால் பள்ளத்தூர் பஸ்ஸில் கண்டக்டர்கூட சில்லறைக்கு வாய் திறக்க மாட்டார். அப்பா அவருக்குத் தம்பி. அண்ணன் முன்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காளான் விஷயத்தில் எங்கள் ஊரே அவரைத்தான் கேட்கும். விடியும் முன்னே டார்ச் எடுத்துக்கொண்டு போவார், யாரும் எழுவதற்குள் துண்டு நிறையக் கொண்டுவருவார். அவர் சொல்லும் முறை ஒன்று உண்டு. காளானை வேரோடு பிடுங்கக் கூடாது. மண் மட்டத்தில் ஒடிக்க வேண்டும், ஒடித்த இடத்தை மண்ணால் மூட வேண்டும். அப்போதுதான் அடுத்த வருடமும் கறையான் புற்று பூக்குமாம். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஒடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கூடை கொண்டுவந்தார். வெள்ளை வெளேர் என்று, பெரிது பெரிதாக. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். கழுவிக் கொடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

மூன்றாவது காளானைக் கழுவும்போதே என்னவோ போலிருந்தது. புற்றுக்காளானுக்குக் குடையின் உச்சியில் கூரான முனை இருக்கும். மண்ணைக் குத்திக்கொண்டு வர வேண்டுமே, அதற்காக. இவற்றில் முனையே இல்லை, வழுவழுவென்று உருண்டையாக இருந்தன. தண்டில் பாவாடை மாதிரி ஒரு வளையம். அது புற்றுக்காளானிலும் சிலதுக்கு உண்டு, அதனால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

"பெரியப்பா, இதுக்கு முனையே இல்லையே?"

"மழ சாஸ்தி. மண்ணு இளகிருச்சு. முனை என்னத்துக்கு அதுக்கு?"

சரி என்று இருந்துவிட்டேன். ஆனால் ஒரு குடையை மட்டும் எடுத்து, அடுப்படி கடப்பாக் கல் மேடையில் கவிழ்த்து வைத்தேன். போன வருடம் மிச்சமான காளானை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தோம். மறுநாள் தட்டில் இளஞ்சிவப்பாகப் பொடி கொட்டிக் கிடந்தது. அந்த நினைப்புதான்.

பெரியப்பா கொல்லையில் தனி அடுப்பு மூட்டி, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டுத் தானே சமைத்தார். காளானில் மட்டும் வேறு யார் கையும் பட விடமாட்டார். கவிழ்த்து வைத்து இரண்டு மூன்று மணி நேரம் போயிருக்கும், நான் உள்ளே போய்க் குடையைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக் கல்லில் மாவு தூவியது மாதிரி வெள்ளைப் பொடி. சிவப்பே இல்லை.

பாட்டனி பாடத்தில் விஷக்காளான் என்று அமானிட்டா பெயர் ஒரு வரியில் வரும். போனில் தேடினேன். வெள்ளைப் பொடி, பாவாடை வளையம், அடியில் ஒரு பை. மரங்களின் வேரைப் பிடித்துக்கொண்டு வளரும் என்று போட்டிருந்தது. தின்றவருக்கு அரை நாள் ஒன்றுமே தெரியாது, பிறகுதான் ஈரலைப் பிடிக்கும் என்றும் போட்டிருந்தது.

அடியில் பை. எங்கள் கூடையில் இருந்த ஒன்றுக்கும் அடி கிடையாது. எல்லாம் மண் மட்டத்தில் ஒடித்தவை.

அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, இத எங்க ஒடிச்சாரு?"

"நம்ம புத்துக்காட்டுலதான். வேற எங்க?"

புத்துக்காடு என்று இப்போதும் சொல்கிறோம். கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கும் எங்கள் புஞ்சை. அங்கே ஆள் உயரப் புற்று ஒன்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஜேசிபி வைத்து அதைத் தள்ளிவிட்டு, நிலம் முழுக்கத் தைலமரம் வைத்துவிட்டார்கள். புற்றே இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

"அம்மா, அங்கதான் புத்தே இல்லையேம்மா. இது வேற காளான். விசம்."

அம்மா என் வாயைப் பொத்தினாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தடி சொல்லுற? மூத்தவரு காதுல விழுந்துச்சு, அம்புட்டுதேன். வெள்ளிக் காசு போட்டு வேக வச்சுப் பாத்துட்டாரு, கறுக்கல. போயி அக்காவுக்குப் பூ வச்சு விடு."

"இந்த விசத்துக்குக் காசு கறுக்காதும்மா, அதெல்லாம்..."

"போடீ."

அப்பாவிடம் போனேன். அவர் பந்தல்காரரோடு பேசிக்கொண்டே, "அண்ணனுக்குத் தெரியாததா" என்றார். அவ்வளவுதான்.

பொடியைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. பையைக் காட்ட வேண்டும். களைக்கொத்தையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். பட்டுப்பாவாடையோடு. கண்மாய்க் கரை முழுக்கச் சேறு. இரண்டு தடவை விழுந்தேன்.

நஸ்ரின், அங்கே போனதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். புற்று இருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது, அங்கே மட்டும் மரம் பிடிக்கவில்லை, செம்மண் மொட்டையாகக் கிடந்தது. அதில் ஒரு காளான்கூட இல்லை. பெரியப்பா ஒடித்து மூடிய இடங்கள் எல்லாம் தைலமர வரிசையை ஒட்டியே போயின. வரிசை திரும்பும் இடத்தில் அவையும் திரும்பின. பழக்கத்தில் பழைய இடத்துக்கே போயிருக்கிறார்; இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், அவருக்கு வெள்ளைக் குடை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மூடிய மண்ணை விலக்கிச் சுற்றித் தோண்டினேன். புற்றுக்காளானின் வேர் முழங்கை ஆழம் கீழே போகும், உனக்கும் தெரியும். இது விரல் அளவுதான் போனது. அடியில் கிழிந்த முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைப் பை. அதன் கீழே தைலமரத்தின் சல்லிவேர். பக்கத்தில் இன்னும் விரியாத ஒன்று, கோழிமுட்டை போலவே மண்ணுக்குள் இருந்தது. இரண்டையும் மண்கட்டியோடு பெயர்த்து டப்பாவில் வைத்தேன். அழுகை வந்தது. நான் நினைத்தது சரி என்றால் வீட்டில் என்ன ஆகும் என்று நினைத்து வந்த அழுகை.

திரும்பும்போது வாசலில் கார் நின்றது. உள்ளே பந்தி உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை முத்தரசு, அவருடைய அம்மா மீனலோசனி, மாமாமார், பிள்ளைகள். சோறு விழுந்துவிட்டது. பெரியப்பா தானே வாளியைத் தூக்கிக்கொண்டு காளான் வைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா இலையில் வைத்தாகிவிட்டது.

"அத்தே, சாப்பிடாதீக" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அது வீடு முழுக்கக் கேட்டது.

எல்லாக் கையும் நின்றது. நான் காலில் சேறோடு நின்றேன். பெரியப்பாவின் முகம் கறுத்தது.

"வீரையா, உன் மகள உள்ள கூட்டிட்டுப் போ."

அப்பா என் தோளைப் பிடித்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தால்தானே கூட்டிப் போவார்.

மீனலோசனி அத்தை இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்னங்க சம்பந்தி, கை நனைக்கக் கூப்பிட்டுட்டு நனைக்காதன்னு சொல்லுது ஒங்க புள்ள. பொண்ணு குடுக்க மனசு இல்லையா?"

கதவுக்குப் பின்னால் அக்கா நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

டப்பாவைத் திறந்து பெரியப்பாவின் காலடியில் வைத்தேன்.

"பெரியப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வச்சுக்கங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க மண்ணுக்கு மேல ஒடிச்சீக. மண்ணுக்குள்ள இருந்தது இது. புத்துக்காளானுக்கு அடியில இப்பிடி இருக்குமா?"

அவர் கையை ஓங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். குனிந்து மண்கட்டியை எடுத்தார். பையைக் கட்டை விரலால் நீவினார். முட்டையை நகத்தால் கீறினார். உள்ளே குடையும் தண்டும் சின்னதாக மடங்கி இருந்தன. வேரைத் தேடி மண்ணை முழுக்க உதிர்த்தார். தைலமரத்துச் சல்லிவேர்தான் கையில் வந்தது, அதை மோந்து பார்த்தார்.

"புத்துக்கு அடியில கறையான் மண்ணுல்ல இருக்கும்" என்றார், தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்தார். "யாரும் வாயில வச்சீகளா? பிள்ளைகளுக்கு ஊட்டுனீகளா?"

யாரும் வைக்கவில்லை.

அவரே ஒவ்வோர் இலையாக வந்து மடித்து எடுத்தார், நஸ்ரின். சேவுகப்பெருமாள், எச்சில் இலை எடுக்கிற ஆள் மாதிரி குனிந்து எடுத்தார். கொல்லையில் குழி வெட்டி வாளியோடு புதைத்துவிட்டு வந்து மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்றார்.

"தப்பு என்னுதும்மா. பிள்ளைய ஒண்ணும் நெனைக்காதீக."

மீனலோசனி அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"வேற இலை போடச் சொல்லுங்க. ரசம் இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள் அம்மா.

"அது போதும். உசுரக் காப்பாத்துற வீட்டுல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்குறது?"

ரசம் ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை அவரே எடுத்தார். கதவுக்குப் பின்னால் அக்கா அழுதது எல்லோருக்கும் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமைத்தவர் உப்புப் பார்க்காமல் இருப்பாரா?

"பெரியப்பா, நீங்க தின்னீகளா?"

"ரெண்டு துண்டு. உப்புப் பாத்தேன். பாரு, கல்லு மாதிரி நிக்கிறேன்."

"இப்ப ஒண்ணும் தெரியாது. ராத்திரிதான் தெரியும். தெரிஞ்சப்புறம் போனா லேட்டு."

"ஏத்தா, பந்திய விட்டுட்டு..."

மாப்பிள்ளை எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். கார் சாவி கையில் இருந்தது. "பெரியவரே, ஏறுங்க. பந்தி எங்கயும் போயிறாது." எங்கள் வீட்டில் பெரியப்பாவை இதைச் செய் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பெரியப்பா ஏறிவிட்டார்.

காரைக்குடியில் டாக்டரிடம் டப்பாவை நீட்டினேன். அவர் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார், பேசினார். கரி கலந்த கறுப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, உடனே மதுரைக்கு அனுப்பினார். இங்கே வந்து டிரிப் ஏற்றும்போதும் பெரியப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ஒண்ணுமே இல்லாத ஆளப் படுக்க வச்சுட்டா" என்று நர்ஸிடம் குறை சொன்னார்.

ராத்திரி வாந்தி தொடங்கியது. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. அந்த உடம்பு அப்படி நடுங்கி நான் பார்த்ததே இல்லை. நான் சொன்னதுதான் நடந்தது. அது நடக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று இதே வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் வாந்தி நின்றது, எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. இனிமேல்தான் ஈரலைப் பார்க்க வேண்டும் என்றார். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறியது. இன்னும் ஏறியது. என் பயம் எல்லாம் அந்த இரண்டு நாள்தான், நஸ்ரின். அவர் போயிருந்தால், நான் இன்னும் கொஞ்சம் முன்னால் கத்தியிருக்கலாம் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன்.

இன்றைக்குச் சாயங்காலம் கணக்கு இறங்கியிருக்கிறது. நன்றாகவே இறங்கியிருக்கிறது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு துண்டுங்கிறதால, சீக்கிரம் வந்ததால பொழைச்சாரு. பந்தி முழுக்கச் சாப்பிட்டுட்டு ராத்திரி வாந்தியோட வந்திருந்தா என்கிட்ட அத்தனை கட்டில் இல்லம்மா."

உள்ளே போனேன். பெரியப்பா இட்லி கேட்டு நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன்.

"ஊருல போன் போட்டுச் சொல்லிட்டேன்" என்றார். "இனிமே எவனா இருந்தாலும் தோண்டிப் பாத்துத்தான் எடுக்கணும்னு. அடுத்த வருசம் புத்து பூக்காட்டிப் போகுது."

பிறகு பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பி, கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இது நான் கேட்டு மூன்றாவது தடவை. இந்தத் தடவை நான் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, அவர் கையிலிருந்த வாளியையே பிடுங்கி எறிந்துவிட்டேனாம். பந்தியே எழுந்து நின்றதாம்.

நான் பிடுங்கவில்லை. திருத்தவும் இல்லை.