மூன்றாவது தொட்டிக்கும் நான்காவது தொட்டிக்கும் நடுவே

1

இந்தக் கதை என் வண்டிச் சாவியில் தொடங்கியது. கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது சாவி கைநழுவி, மழைநீர் வடிகாலின் கம்பி மூடிக்குள் விழுந்தது. பிளம்பர் வந்து மூடியைத் தூக்கினார். அடியிலிருந்த சின்னத் தொட்டியில் சாவி இல்லை. அடுத்த தொட்டியிலும் இல்லை. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார். போனது. ஆனால் தெருப்பக்கம் வந்து சேரவில்லை.

"உள்ள போகுதுல்ல, அப்புறம் என்ன சார்?" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று மதியமே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." (அடித்துவிட்டேன். மழை வந்துவிட்டால் எதையும் சோதித்துப் பார்க்க நேரமிருக்காது. கதைக்கு வேண்டியது மழைக்கு முந்தைய நாள்.)

அடுத்தது: "இன்ஜினியர் பேனாவைத் திறந்தாள்." இதை வைத்துக்கொண்டேன்.

2

ஆறு வீடுகள் கொண்ட சின்னக் கட்டடம். மாடியில் விழும் மழையும் முற்றத்து மழையும் நான்கு தொட்டிகள் வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போக வேண்டும். வரைபடம் போட்டவள் அந்த இன்ஜினியர். வடிகால் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் குடிபோக அனுமதி. கீழ்த்தளத்து முதல் வீட்டை வாங்கியிருப்பது அவளுடைய சொந்த அக்கா. பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று. சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. அக்கா இடுப்பில் தவழும் வயதுக் குழந்தை. நாளை மழை என்கிறார்கள்.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுடி. லாரிக்காரர் மொறைக்கிறாரு."

"சாயம் ஊத்திப் பார்த்துட்டுப் போடுறேன்க்கா. வாட்டம்* தப்பா இருந்தா தண்ணி உன் ரூமுக்குள்ளதான் வரும். புள்ள தரையில கெடக்கும்."

(முதலில் வடிகால் போட்ட மேஸ்திரியை மட்டமான குழாய் போட்டு ஏமாற்றியவராக எழுதியிருந்தேன். எழுத எழுத ஆள் பிடி கொடுக்கவில்லை. சாய்வு பார்க்கும் ரசமட்டத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு வைக்கிறவர் ஏமாற்ற மாட்டார். நல்லவராகவே விட்டுவிட்டேன். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

* தண்ணீர் தானாக ஓட, குழாயைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவது. எழுத்துக்கும் அது வேண்டும். எனக்கு அடிக்கடி தப்பிவிடும்.

3

முதல் தொட்டியில் [நிறம்: பிறகு எழுத வேண்டும்] சாயத்தைக் கரைத்து, ஒரு பீப்பாய்த் தண்ணீரை விட்டார் மேஸ்திரி. இரண்டாவதில் வந்தது. மூன்றாவதில் வந்தது, சுழித்தது, இறங்கியது. நான்காவதைத் திறந்து இருவரும் குனிந்து நின்றார்கள். அடியில் சிமெண்ட் தூசி. குழாய் வாயில் ஒரு சிலந்தி வலை, அறுபடாமல்.

"இன்னொரு பீப்பா விடுங்க."

ஐந்து பீப்பாய் போயிற்று. வலை ஆடக்கூட இல்லை. இரண்டு தொட்டிக்கும் நடுவே இருப்பது பதினோரு அடிக் குழாய், அக்காவின் படுக்கையறைச் சுவரை ஒட்டி. மேஸ்திரி மண்ணைத் தோண்டிக் காட்டினார். இணைப்புகள் கச்சிதம். வாட்டம் சரி. சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது.

"நான் கையால போட்ட குழாய்மா," என்றார். "அஸ்திவாரத்துக்கு எட்டடி தோண்டினோம். கெணறு இல்ல, குழி இல்ல. இது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல."

அறைக்குள் அக்கா சுவரில் காதை வைத்திருந்தாள்.

"இங்க சத்தம் கேக்குதுடி," என்றாள் ஜன்னல் வழியாக. "தண்ணி சத்தம் இல்ல. யாரோ கீறிக் கீறி எழுதுற மாதிரி இருக்கு."

தண்ணீர் அங்கே போவதற்குக் காரணம்

4

[இங்கே ஒன்றும் வந்து சேரவில்லை.]

5

அக்கா சொன்னதை நான் யோசித்து எழுதவில்லை. கை எழுதிவிட்டது. நான் இன்னும் பேனாவால் எழுதுகிற ஆள். அதைக் கீழே வைத்தேன். வீடு அமைதியானது. அதுவரை அமைதியாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிகளை எழுதினேன், வலையை எழுதினேன். அந்தப் பதினோரு அடிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் தாண்டி வந்துவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான்.

சில முடிவுகளை முயன்றேன். குழாயில் விரிசல் கண்டுபிடிக்கிறார்கள். (மேஸ்திரியைப் பொய்யராக்க வேண்டும். மனம் வரவில்லை.) அவள் கையெழுத்துப் போடுகிறாள், மழை வருகிறது, குழந்தை தரையில் (மாட்டேன்.)

முகம் கழுவப் போனேன். குளியலறை மூலையில் தண்ணீர் இறங்கும் துளை. அதைச் சுற்றி, காலையில் நானே துடைத்த வெள்ளைத் தரையில், சாயத் தண்ணீர் தேங்கி நின்றது. நடுவில் என் வண்டிச் சாவி.

என்ன நிறம் என்று சொல்லமாட்டேன். நான் சொன்னால் அது கதை. எழுதுகிறவன் வாக்குமூலத்தை எந்த இன்ஜினியரும் ஏற்கமாட்டாள். தவிர, எனக்கு வந்தது கால் வாளிகூடத் தேறாது. அவர்கள் ஊற்றியது ஐந்து பீப்பாய். மிச்சம் யார் வீட்டில்?

6

வாசலில் லாரிக்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, நான் எழுதாமலே.

"உள்ள போகுதுல்லடி, அப்புறம் என்ன?" என்கிறாள் அக்கா. குழந்தையை வெறுந்தரையில் இறக்கி விடுகிறாள்.

"எங்க வெளிய வருதுன்னு ஒருத்தராவது சொல்லணும்க்கா," என்கிறாள் தங்கை. பேனா திறந்தபடி இருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்குவாளோ தெரியாது.

படிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுக் குளியலறை மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷம். இருந்தால், மூன்றாம் பகுதியில் நான் விட்டுவைத்த இடத்தில் நிறத்தை நீங்கள் எழுதுங்கள்.

கொஞ்சம் அழுத்தி எழுதுங்கள். அக்கா மறுபடியும் சுவரில் காதை வைக்கிறாள்.