கலியாணம் விசாரித்த கடிதம்

சட்டசபை மெம்பரிடமிருந்து பதில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சென்னியம்மாள் கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மாடுகளைப் பண்ணையாளிடம் விட்டுவிட்டு, காலில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வாத்தியார் திருமலைசாமி உறையைக் கிழித்து உரக்கப் படித்தார்.

"தங்கள் அன்பான விசாரிப்புக்கு மிக்க நன்றி. மகளின் கலியாணம் தங்கள் ஆசீர்வாதத்தில் சிறப்பாக நடந்தேறியது. பெருந்துறைப் பக்கம் நல்ல மழை என்று அறிந்து சந்தோஷம்."

"அப்புறமுங்க?"

"அவ்வளவுதானுங்க அக்கா. கையெழுத்து இருக்குது."

"என்ற தம்பி பேச்சு?"

வாத்தியார் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது.

தம்பி நஞ்சுண்டன் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. தோட்டத்துத் துரை ஒரு கூலியாளைப் பிரம்பால் அடித்தான், ஆள் செத்துப்போனான். 'அடித்ததைக் கண்ணால் பார்த்தேன், கோர்ட்டில் சொல்லுவேன்' என்றான் நஞ்சுண்டன். மறுநாளே கலகத்துக்கு ஆள் சேர்த்தான் என்று அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். கொன்றவன் கிளப்பில் சீட்டாடுகிறான், சாட்சி சொல்ல வந்தவன் ஜெயிலில் கிடக்கிறான். மாசக் கடைசியில் தீர்ப்பு. அவன் பக்கம் பேச ஒரு வக்கீல் கிடையாது. கோலாலம்பூரில் நம் நாட்டுக்கென்று ஏஜெண்டு ஒருவர் இருக்கிறார், சட்டசபை மெம்பர் ஒரு வார்த்தை எழுதினால் அவர் வக்கீல் வைப்பார் என்று தோட்டத்திலிருந்து ஒருத்தன் எழுதியிருந்தான்.

புருஷன் போன பிறகு நிலம் சென்னியம்மாள் பேருக்கு வந்தது; கூடவே வோட்டும் வந்தது. போன வருஷம் அந்த வோட்டைக் கேட்டு இதே மெம்பர் அவள் வீட்டு வாசலில் கைகூப்பி நின்று, இரண்டு சொம்பு மோர் குடித்து, "எதுன்னாலும் ஒரு கடுதாசி போடுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளும் வாத்தியாரை எழுதச் சொல்லிப் போட்டாள். அங்கேதான் வந்தது வினை. கொங்கு நாட்டில் பெண் கேட்க வந்தவன்கூட மழையைப் பேசி, மாட்டைப் பாராட்டி, கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டேதான் வந்த விஷயத்தைச் சொல்லுவான். எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதையில்லை. அதனால் முதல் தாள் முழுக்க மெம்பரின் சௌக்கியம், மகள் கலியாணம், மழை, சோளம். தம்பியின் உயிர் இரண்டாம் தாளின் அடியில். முதல் தாளோடு மெம்பருக்கு அலுத்துவிட்டது.

"கண்ணாலத்த விசாரிச்சு எழுதுங்கன்னு சொன்னதே நாந்தானுங்க!" என்று சென்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தன் மேல் வந்த கோபத்தைவிட மெம்பர் மேல் வந்தது பெரிது. ரெண்டாந் தாளைத் திருப்பக்கூடவா கை வலித்தது அந்த மனுஷனுக்கு?

அந்த வெள்ளிக்கிழமை பெருந்துறையில் வாசகசாலை திறக்க மெம்பர் வந்தார். சென்னியம்மாள் வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் நின்றாள். மெம்பர் மேடையில் முழங்கினார். அபிசீனியாவை இத்தாலிக்காரன் விழுங்கிவிட்டான், சீனாவில் ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்றெல்லாம் அடுக்கினார். உலகத்தின் எந்த மூலையில் அநியாயம் நடந்தாலும் தம் நெஞ்சு பதைக்கிறது என்று மார்பில் தட்டிக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

"மலாயா எந்த மூலைங்க?" என்றாள் சென்னியம்மாள்.

கைதட்டல் நின்றது. அவள் மேடையருகே போய் எல்லாவற்றையும் சொன்னாள். துரையைச் சொன்னாள், பிரம்பைச் சொன்னாள், ஜெயிலைச் சொன்னாள். மெம்பர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு புன்னகை பூத்தார்.

"ஆகட்டுங்க அம்மணி. பாத்துக்கலாமுங்க."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க என்றால் மாட்டேன் என்று அர்த்தம். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல நா எழாத ஊரில் பிறந்த அவளுக்கா அது தெரியாது?

"பாக்கறதெல்லாம் வேண்டாமுங்க. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிப்போடுங்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன். இத்தன சனத்துக்கு முன்னால வாயத் தொறந்து சொல்லுங்க."

மெம்பர் கூட்டத்தைப் பார்த்தார். எல்லாம் அடுத்த தடவையும் போய்க் கைகூப்ப வேண்டிய முகங்கள். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டேன்னு யாருங்க சொன்னாங்க?" என்றார், குரல் இறங்கி.

"அப்ப இப்பவே எழுதுங்க. தந்தியாவே போகட்டும். வாத்தியார் ஈரோட்டுக்குக் கொண்டுபோய் அடிச்சுப்போடுவார்."

மடியிலிருந்து அவருடைய பதிலையே எடுத்து, வெறுமையாய்க் கிடந்த பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். மெம்பர் பேனாவைத் திறந்து இங்கிலீஷில் எழுதலானார். வாத்தியார் எட்டிப் பார்த்து அவள் காதில் சொன்னார்.

"ஏஜெண்டு அவர்கள் சௌக்கியமா இருக்கோணும்னு நம்பறாராமுங்க. அங்கத்திய சீதோஷ்ணம் எப்படீன்னு..."

சென்னியம்மாள் காப்புக் காய்த்த கையை அந்தத் தாளின் மேல் பட்டென்று வைத்தாள். மை அவள் விரலெல்லாம் ஒட்டியது.

"விசாரிப்பெல்லாம் நான் பண்ணிக் கெட்டது போதுமுங்க. அத அடிச்சுப்போட்டு மொதல்ல என்ற தம்பி பேர எழுதுங்க!"

மெம்பர் அடித்தார். நஞ்சுண்டன் என்று எழுதினார். அடுத்து ஜெயில், அடுத்து வக்கீல், கடைசியில் தம் பேர். வாத்தியார் ஒவ்வொரு சொல்லாய்ப் படித்துக் காட்டிய பிறகே சென்னியம்மாள் கையை எடுத்தாள். பஸ் கிளம்ப இருந்தது; வாத்தியார் தாளை மடித்துக்கொண்டு ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்து, தந்தி கடல் தாண்டி, ஏஜெண்டு படித்து, எல்லாம் மாசக் கடைசிக்குள் ஆக வேண்டும். சௌக்கியம் விசாரித்தே பாதி மாசத்தைத் தின்றாகிவிட்டது.

மெம்பர் காரில் ஏறினார். சென்னியம்மாள் கதவோரம் வந்து நின்றாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. மை அப்பிய கைகளைக் கூப்பினாள்.

"ஏனுங்க, இப்பக் கேக்கறனுங்க. கண்ணாலம் பண்ணிக் குடுத்த ஊட்டுல அம்மணி நல்லா இருக்குதுங்களா?"

மெம்பர் காரிலிருந்து இறங்கி நின்று, "நல்லா இருக்குதுங்க" என்று கைகூப்பினார்.