ரகசியக் கேள்வி

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கடைவரிசையில் கடைசிக் கடை என்னுடையது. முன்பு டைப்பிங்கும் போட்டோஸ்டேட்டும்தான். தொண்ணூற்றெட்டில் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, 'இங்கே இண்டர்நெட் உண்டு' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டினேன். வந்தவர்களில் பாதிப் பேர் அது என்ன சாமான் என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். மீதிப் பேர் மின்விசிறிக்கு அடியில் உட்கார வந்தவர்கள். உருப்படியான வாடிக்கை என்றால் முத்தாயி அக்கா ஒருத்தர்தான்.

அக்காவுக்கு ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. ஒரே மகன் தினேஷ்வரன். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு லண்டனுக்குப் போனான். போவதற்கு முன் என் கடையில் உட்கார்ந்து, தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என இரண்டு மின்னஞ்சல் பெட்டிகள் திறந்தான்.

"கணேசண்ணே, அம்மா ஞாயித்துக்கெழம வருவாங்க. என் மெயில கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க லா," என்றான்.

நல்ல பையன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படியே நினைக்க முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை போனவர். என் கம்ப்யூட்டருக்குத்தான் தமிழ் தெரியாது. அவன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவான். நான் உரக்கப் படிப்பேன். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று ஆரம்பித்து, 'உங்கள் மகன்' என்று முடிப்பான். அக்கா சொல்லச் சொல்ல நான் பதில் அடிப்பேன். கூடவே அகல்யா வருவாள். அக்காவின் அண்ணன் மகள், தம்பினில் பேக்டரி வேலை. தினேஷுக்கென்று பேசி, அவன் புறப்படும் முன்பே தாம்பூலம் மாற்றிய பெண். அவன் மெயிலில் தன் பெயர் வருகிறதா என்று என் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வந்தால் உடனே முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

மறு வருடம் தீபாவளி முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவன் பெட்டியிலிருந்து மூன்று வரி வந்தது. மூன்றும் ஆங்கிலம். இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். எனக்கு இங்கே வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது. என்னை மறந்துவிடுங்கள். அன்புள்ளவும் இல்லை, உங்கள் மகனும் இல்லை.

"என்ன தம்பி, மூஞ்சி மாறுது?" என்றார் அக்கா.

மறைக்கத் தெரிந்தவனாக இருந்தால் நான் வேறு தொழிலில் பிழைத்திருப்பேன். தமிழில் சொன்னேன். அகல்யா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அழவில்லை.

"இது அவன் இல்ல தம்பி. அவன் எனக்கு இங்கிலீசுல எழுத மாட்டான். எனக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

அதைக் கேட்டதும் எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த மாதிரி மின்னஞ்சல் பெட்டிகளுக்குள் கள்ளத்தனமாகப் புகுந்து, சொந்தக்காரன் பெயரில் கண்டதையும் எழுதி அனுப்பும் ஆசாமிகளைப் பற்றி அப்போதுதான் பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

"அக்கா, எவனோ அவன் பெட்டிக்குள்ள பூந்துட்டான். ஹேக்கர்னு சொல்வாங்க," என்றேன்.

"அதான் அங்கிள்! கண்டிப்பா ஹேக்கர்தான் லா," என்று அகல்யா அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த சில வாரங்கள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மின்னஞ்சல் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி எழுதினேன். உங்கள் கடிதத்துக்கு நன்றி, விரைவில் கவனிக்கிறோம் என்று நொடியில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே நன்றி, அதே கவனிப்பு.

"யாரு தம்பி பதில் போட்டது?"

"மெசின் அக்கா."

"மெசினுக்கு எம்மவனைப் பத்தி என்னா தெரியும்?"

எனக்கு வந்த கோபத்தில், அக்கா பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றி வைத்தேன். ஒரு வீட்டில் திருடன் நுழைந்ததற்குப் பக்கத்து வீட்டைப் பூட்டிய கதைதான். ஆனால் எதையாவது செய்யாமல் என்னால் உட்கார முடியவில்லை. தினேஷ் கொடுத்திருந்த லண்டன் டெலிபோன் நம்பருக்கும் அடித்துப் பார்த்தேன். அவன் அந்த அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டானாம். எங்கே போனான் என்று தெரியாதாம்.

ஹேக்கர் என்று நான் சொன்னது முதலில் அக்காவுக்கு ஆறுதலாக இருந்தது. நாளாக ஆக அதுவே அவரைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் வந்தவர், உட்காராமலே கேட்டார்.

"கள்ளன் வந்து அவன் பெட்டிய எடுத்துகிட்டான். சரி. அப்ப எம்புள்ள எங்க தம்பி? வேற ஒரு பெட்டி தொறந்து, அம்மா நான் நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுத மாட்டானா? அவன என்னாமோ பண்ணிட்டு எடுத்திருந்தா?"

அகல்யா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா இளைத்துப்போயிருந்தார், ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிட்டது காதில் விழாமல் நின்று, தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் ஏச்சு வாங்கினார் என்று அகல்யா பிறகு சொன்னாள்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. புதிதாகப் பெட்டி திறக்கும்போது கம்ப்யூட்டர் ஒரு ரகசியக் கேள்வி கேட்டு, விடையை வாங்கி வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டை மறந்துவிட்டால், அதற்குச் சரியான விடை சொல்பவன்தான் சொந்தக்காரன்.

"அதே மாதிரி நாமளும் கேப்போம் அக்கா. அவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வி. அந்தப் பெட்டிக்கே அனுப்புவோம். உள்ள இருக்கிறது ஹேக்கர்னா உளறுவான். மாட்டிக்குவான்."

"உள்ள இருக்கிறது தினேஷ்னா?" என்று அகல்யா மெல்லக் கேட்டாள். நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்டுல நான் அவன என்னா பேரு சொல்லிக் கூப்புடுவேன்னு கேளு," என்றார்.

"விடை என்னக்கா? எனக்குத் தெரியணுமில்ல?"

"குப்பன்," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவனுக்கு முன்னால ஒண்ணு பொறந்து தங்கல தம்பி. அதனால இவன் பொறந்ததும் குப்பையில போட்டு எடுத்து, குப்பன்னு கூப்பிட்டோம். மட்டமான பேரு வச்சா எமன் திரும்பிப் பாக்க மாட்டான்னு சொல்வாங்கல்ல. தினேஷ்வரன்கிறது பதிவுக்கு வச்சது. எடைநிலைப் பள்ளிக்குப் போனதும், அந்தப் பேரச் சொல்லி வெளிய கூப்புடாதம்மான்னு ஒரே சண்ட. அப்பறம் வீட்டுக்குள்ள மட்டுந்தான்."

நான் கேள்வியை அடித்தேன். அம்மா வீட்டில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? அதற்கு மட்டும் பதில் எழுது. அனுப்பிவிட்டு, குப்பன் என்று பதில் வந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு தாயின் பிள்ளையைத் திருடன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டுகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. என்ன செய்வது, இன்னொன்று அதைவிட மோசம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மழை. அக்காவும் அகல்யாவும் ஒரே குடைக்குள் வந்தார்கள். மோடம் தன் பாட்டுக்குக் கத்தி முடித்து, பெட்டி திறந்தது. பதில் வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல். வைரம்.

நான் மேசையை ஓங்கித் தட்டினேன்.

"வைரமாம் அக்கா, வைரம்! மாட்டிக்கிட்டான் பயல்! உங்க புள்ள உங்கள மறக்கல. எவனோ ஒரு வெட்டிப்பயல் உள்ள உக்காந்து வெளையாடியிருக்கான்!"

அகல்யா கைதட்டினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். பிறகு, "அப்பாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு வந்துடுறேன் அத்தே," என்று குடையைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனில் இருக்கும் பொதுத் தொலைபேசிக்கு ஓடினாள். இத்தனை வாரங்களில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இன்னொரு தடவ படி தம்பி."

"வைரம்."

"வேற ஒண்ணும் எழுதலியா?"

"இல்லக்கா."

"எது அந்த எழுத்து? காட்டு."

திரையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து, தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரலால் அந்தச் சொல்லைத் தொட்டார்.

"இது மூத்தவன் பேரு தம்பி," என்றார்.

"எந்த மூத்தவன் அக்கா?" என்றேன்.

"இவனுக்கு முன்னால பொறந்து செத்தது. பேரு வைக்கிறதுக்குள்ளயே போயிடுச்சு. பால் குடுக்குறப்ப நானா வைரம் வைரம்னு கூப்பிட்டுக்குவேன். எங்கண்ணனுக்குத் தெரியாது. இவங்கப்பாவுக்கே தெரியாது. எனக்கு ஏம்மா இந்தக் கேவலமான பேருன்னு இவன் அழுதான் பாரு, அன்னிக்கு இவங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். உனக்கும் நல்ல பேரு வைக்கப் பயந்துகிட்டுத்தான்டா இப்படிக் கூப்பிட்டேன்னு. அன்னிக்கு ராத்திரி அவன் சாப்புடல. எம்மடியில படுத்துகிட்டான்."

"அக்கா, எவனாச்சும் குத்துமதிப்பா அடிச்சிருப்பான்..."

"ராஜான்னு அடிச்சிருக்கலாம். தங்கம்னு அடிச்சிருக்கலாம். ஒலகத்துல எத்தனையோ பேரு கெடக்கு." அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "குப்பன்னு எழுதுனா நான் விடமாட்டேன்னு அவனுக்குத் தெரியும். தப்பா எழுதுனா கள்ளன்னு நெனச்சு விட்டுடுவோம்னு பாத்திருக்கான். தப்பா எழுதுறதுக்கும் அவனுக்கு நம்ம வீட்டுப் பேருதான் வந்திருக்கு. இல்ல, அந்த மூத்தவன மாதிரி நானும் செத்துட்டேன்னு வச்சுக்கன்னு சொல்றானோ, என்னமோ."

எனக்கு லண்டனுக்கே போய் அவன் செவிட்டில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. என் வாயையும் தைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கேள்வி கேட்கலாம் என்று யோசனை சொன்ன பெரிய மனிதன் நான்தானே. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன்.

"அகல்யாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத. இன்னிக்கு ஒரு நாளாச்சும் சிரிக்கட்டும். தைப்பூசம் முடியட்டும், நானே எங்கண்ணங்கிட்டப் பேசி வேற எடம் பாக்கச் சொல்றேன். கள்ளன் எடுத்துகிட்டுப் போயிட்டான்னே தோட்டத்துல இருக்கட்டும். பெத்தவளத் தூக்கிப் போட்டுட்டான்னு அவன யாரும் பேச வேணாம்."

வெளியே ரயில் ஒன்று வந்து நின்று புறப்பட்டது. அக்கா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, எப்போதும் மகனுக்குப் பதில் சொல்ல உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதில் போடணும். எழுது தம்பி. ஐயா, வணக்கம்."

விரலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். "ஐயாவா?"

"வேத்து ஆளுக்கு எழுதுறப்ப மரியாதையாத்தான் எழுதணும். எழுது. நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. இது எம்மவன் பெட்டி. அவன் இனிமே வரமாட்டான், நீங்களே வச்சுக்குங்க. நான் எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க ஊர்ல ரொம்பக் குளிரும்னு சொல்றாங்க. ராத்திரியில தலைக்கு ஊத்தாதீங்க. உங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்."

'உங்களுக்கு' என்று அடிக்கும்போது எழுத்துகள் கலங்கிவிட்டன. இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தேன். அக்கா பொறுமையாகக் காத்திருந்தார்.

"கீழ என்னன்னு போடட்டும் அக்கா? குப்பனோட அம்மான்னு போடவா?" அதைப் பார்த்தாலாவது அவனுக்கு உறைக்காதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

அதற்குள் அகல்யா முழுக்க நனைந்து வாசலில் வந்து நின்றாள். "அப்பாவுக்கு ஒரே சந்தோசம் அத்தே! பஸ்ஸு வந்துடுச்சு, வாங்க!"

அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், என் பக்கம் குனிந்து, அவளுக்குக் கேட்காமல் சொன்னார்.

"வேணாம். வைரத்தோட அம்மான்னு போடு."