நாலு விரல் விட்டு

அந்த வீட்டு ஹாலில் இன்னொரு வீடு இருந்தது. சுவர் கிடையாது, கூரை கிடையாது, தரையில் வெள்ளைக் கோடு மட்டும்தான். துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் தையலம்மா முட்டி போட்டு, ஊர்ந்து ஊர்ந்து, ஒரு காலை முழுக்க வரைந்த வீடு. இது படுக்கையறை, இது சமையல் மூலை, இது வாசல், இது ஜன்னல். கோடு போட்டு முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது, கிழக்கு வெயில் சரியாக அந்த இல்லாத ஜன்னல் வழியாகவே விழுந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. தோன்றட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

விஷயம் இதுதான். வீடு பெரிசு. தையலம்மாவின் புருஷன் டிரைவரும் அவருடைய ரெண்டு அண்ணன்மாரும் குடும்பம் குட்டியோடு ஒன்றாக இருந்த காலத்தில் கட்டியது. கீழே நாலு அறை, மேலே மூணு. அண்ணன்மார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் திசைக்கு ஒன்றாய்ப் போனார்கள், பெற்ற ஒரே மகளும் தொலைவில் குடும்பமாகிவிட்டாள். மாடிப்படியில் யாரும் ஏறி வருஷக் கணக்காகிறது. ஆனால் மழை மட்டும் தவறாமல் ஏறிப் போய்ப் பார்க்கும். இந்த மழைக்கு இங்கே ஒழுகினால் அடுத்த மழைக்கு அங்கே. டிரைவர் பஸ் ஓட்டிச் சம்பாதித்த பென்ஷன் பூராவும் அந்தக் கூரைக்கே போயிற்று. அது போதாமல், அறுபத்தைந்து வயதிலும் தையலம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து எலும்பு கடகடவென்று பேசும். கண்ணைக் குறுக்கி ஊசியில் நூல் கோக்கவே அரை நாழி ஆகும்.

வீட்டைக் கேட்டு ஒரு பல் டாக்டர் வந்திருந்தார், ஆஸ்பத்திரி கட்டுவதற்கு. நல்ல விலைதான். விற்றால் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றை வாங்கலாம், மிச்சத்தை பாங்கில் போட்டால் வட்டியில் ரெண்டு பேரும் சாப்பிட்டு மாத்திரையும் வாங்கலாம். மெஷினை மூடி வைத்துவிடலாம். தையலம்மா கேட்டது அவ்வளவுதான்.

"அந்தத் தீப்பெட்டிக்குள்ள மனுஷன் இருப்பானா?" என்றார் டிரைவர். வீட்டைப் போய்ப் பார்க்கவும் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"நீங்க ஓட்டின பஸ்ல டிரைவர் சீட் என்ன மாளிகையா? அதுக்குள்ள முப்பத்தொரு வருஷம் இருக்கலியா?"

"அது ஓடிக்கிட்டே இருந்தது. வீடு ஓடுமா?"

"ஓடாது. இந்த வீடு ஒழுகுது. நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. இந்தக் கூரைக்காகத் தைச்சுக்கிட்டே நான் மெஷின் மேல தலையைச் சாய்க்க மாட்டேன். சாய்ச்சிடுவேனோன்னு எனக்குப் பயமா இருக்கு."

டிரைவருக்குச் சுரீர் என்றது. ஆனால் விட்டுக்கொடுத்துவிட்டால் அவர் டிரைவரா? அப்போதுதான் அந்தப் பந்தயம் பிறந்தது. சின்ன வீட்டை அளவு மாறாமல் ஹாலிலேயே வரை. பத்து நாள் அதற்குள் குடித்தனம் செய்வோம். குளிக்கக் கொள்ளவும், வாசல் வழியாகக் கடைக்குப் போகவும் மட்டும் விலக்கு. முடியவில்லை என்று நான் சொன்னால் விற்கிற பேச்சையே நீ எடுக்கக் கூடாது. பத்து நாள் இருந்துவிட்டால் பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன். இப்படிச் சொல்லிவிட்டு டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார். ஜெயித்துவிட்டதாகவே அவருக்கு நினைப்பு.

தையலம்மா சளைத்தவளா? மறுநாளே புரோக்கரோடு போனாள், தையல் டேப்பை வைத்து அந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் அளந்தாள். ஆர்டர் எழுதுகிற நோட்டிலேயே குறித்துக்கொண்டாள். படுக்கையறை, ரெண்டு டேப் நீளம், ரெண்டு டேப் அகலம். ஹால், மூணு டேப். ஏதோ ஒரு பெரிய உருவத்துக்குச் சட்டை தைக்கப் போகிற மாதிரி.

கட்டில், பீரோ, மேஜை, அடுப்பு, ரெண்டு நாற்காலி, மெஷின். இவ்வளவும் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. மற்ற சாமான்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தன.

முதல் நாள் சிரிப்பாகத்தான் போயிற்று. டிரைவர் வேண்டுமென்றே இல்லாத கதவை விரலால் தட்டுவார், "டொக் டொக்" என்று வாயாலேயே. அவள் வந்து காற்றைத் திறந்துவிடுவாள். "காலைத் துடைச்சிட்டு வாங்க" என்பாள். பல் டாக்டர் இடத்தைப் பார்க்க வந்தவர் பராக்குப் பார்த்துக்கொண்டே கோட்டின் மேல் நடந்துவிட்டார். "சார், சார்! சுவத்துல முட்டிக்காதீங்க, வாசல் அந்தப் பக்கம்" என்று டிரைவர் அலறினார். படித்த மனுஷன், பாவம், பயந்துபோய்ச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். குனிந்துகூட வந்தார்.

ரெண்டாம் நாள் டிரைவர் சவரம் செய்யப் போகிறேன் என்று கிளம்பினவர் மத்தியானம்தான் திரும்பினார். வந்தவர் முகத்தில் தாடி அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "கடையில கூட்டம்" என்றார். வந்ததும் வராததுமாகக் கட்டிலை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினார், பீரோவை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"நல்லாத்தானே இருந்தது?"

"காத்து வரல."

அன்றையிலிருந்து படுக்கிற பக்கத்தையும் மாற்றிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சுவர் ஓரம் அவளுடையது. இப்போது என்னடாவென்றால், கோடு போட்ட சுவருக்கு மனுஷன் போட்டிக்கு வருகிறார். "எனக்குச் சுவர் பக்கம்தான் வேணும்" என்று குழந்தைப் பிள்ளை மாதிரி அடம். போகட்டும், எவ்வளவோ விட்டுக்கொடுத்தாயிற்று, இதையும் கொடுப்போம் என்று அவள் விட்டுவிட்டாள். ஆனாலும் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னொரு வேடிக்கையும் ஆரம்பித்தது. கட்டில் கால்மாட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே டிரைவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார், வயிற்றை எக்கிக்கொண்டு. நேராக நடக்கத் தாராளமாக இடம் இருந்தது.

"இடுப்புப் பிடிச்சிக்கிச்சா?"

"ஸ்டைல்" என்றார்.

நாலு, ஐந்து நாளில் விளையாட்டு என்பதே மறந்துபோயிற்று. அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோட்டுக்கு வெளியே இருந்த அறைகள் மெல்ல மெல்லத் தூரமாகிக்கொண்டே போயின. மாடியில் காற்றுக்கு ஒரு கதவு அடித்துக்கொண்டால், அது பக்கத்துத் தெருவில் கேட்கிற மாதிரி இருந்தது. குளிக்கப் போகும்போது பழைய சாப்பாட்டு அறையைத் தாண்ட வேண்டும். யாரோ வெளியூர் போனவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட கூச்சத்தோடு அவள் விறுவிறுவென்று தாண்டிப் போவாள். திரும்பிக் கோட்டுக்குள் கால் வைத்ததும்தான் மூச்சு சீராகும். அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சு.

மழை பெய்தது. எங்கேயோ தூரத்தில் வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ரெண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஜன்னலைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். "சாத்திடவா? சாரல் அடிக்குது" என்றார் டிரைவர். "இருக்கட்டும், நல்லா இருக்கு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அங்கே ஜன்னலே இல்லை என்று ரெண்டு பேருக்கும் உறைத்தது. ஆனாலும் அவள் கை மேல் ஈரமாக ஏதோ பட்டது, சத்தியமாகப் பட்டது.

பாதமெல்லாம் சாக்கட்டிப் பொடி. அவர்கள் போன இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் தடம். மத்தியானத் தூக்கத்தில் அவளுக்கு ஒரு கனவு வந்தது. இந்தப் பெரிய வீட்டை அவள் புடவை மடிக்கிற மாதிரி மடிக்கிறாள். மாடியை மடித்துக் கீழே, கீழ் அறைகளை மடித்து ஹாலுக்குள், ஹாலை மடித்துக் கக்கத்தில். கனமே இல்லை. விழித்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் துக்கம் இல்லை. அதை அவரிடம் சொன்னாள். "மடிச்சப்ப நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டார். "உள்ளதான் இருந்தீங்க" என்றாள்.

இடி விழுந்தது எட்டாம் நாள்.

வாடிக்கையான ஒரு அம்மா யூனிஃபார்ம் துணியும் அளவுக்குப் பழைய சட்டையும் கொண்டுவந்தாள். இதுதான் கடைசி ஆர்டர் என்று தையலம்மா மனசுக்குள் முடிவே செய்திருந்தாள். கோட்டு வாசலில் நின்றபடியே அந்த அம்மா வழக்கமான பாட்டைப் பாடினாள்: "வளர்ற புள்ளைங்க, கொஞ்சம் விட்டுத் தைங்க."

"இதை நீங்க சொல்லணுமா? என் கை தானா விடும்" என்று சிரித்துக்கொண்டே தையலம்மா துணியை மேஜையில் விரித்தாள். டேப்பை வைத்தாள். அளவு முடிந்த இடத்தில் இடது கையின் நாலு விரல்களை ஒட்டி வைத்து, அதைத் தாண்டிச் சாக்கட்டியால் கோடு இழுத்தாள். நாற்பது வருஷமாக அந்தக் கை அப்படித்தான். யோசிக்காது, கேட்காது, வளர்த்திக்கு நாலு விரல் விட்டுவிடும்.

இழுத்த கை அப்படியே நின்றது.

அதே கை. அதே சாக்கட்டி. தரையில் வீட்டை வரைந்ததும் இதுதானே? அந்த அம்மாவை எப்படி வழியனுப்பினாள் என்றே தெரியாது. டிரைவர் கடைக்குப் போயிருந்தார். நோட்டை எடுத்தாள். படுக்கையறை, ரெண்டு டேப். முட்டி போட்டுக் கோட்டை அளந்தாள். ரெண்டு டேப், மேலே எட்டு விரல். அந்தப் பக்கமும் எட்டு விரல். ஹாலில் பன்னிரண்டு. ஒவ்வொரு டேப்புக்கும் நாலு விரல் விட்டு வரைந்திருக்கிறாள். வீடு என்ன வளர்ற பிள்ளையா? அடிப் பாவி மகளே என்று தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள்.

அந்த எட்டு விரலைக் கழித்துவிட்டால் கட்டிலைச் சுற்றி நேராக நடக்க வழி கிடையாது. அவர் எட்டு நாளாக இருந்தது பொய் வீட்டில். சொன்னால் பந்தயம் செல்லாது. இந்தக் கூரைக்கு அவள் இனியும் தைக்க வேண்டும், கண் போகிற வரைக்கும். சொல்லாவிட்டால்? இன்னும் ரெண்டே நாள். கையெழுத்து விழுந்துவிடும். அங்கே போய் முதல் நாள் அவர் முழங்காலை இடித்துக்கொண்டு நிற்பார், அவளைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. அளவில் அவள் யாரையும் ஏமாற்றினதில்லை. துணியில் மிச்சம் விழுந்தால் ஒரு கைக்குட்டை அகலத்தைக்கூட மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஈரத் துணியை எடுத்தாள். கோட்டை அழித்து, உண்மையான அளவில் திருப்பி வரைந்துவிட வேண்டியதுதான். வருவது வரட்டும். படுக்கையறை மூலையில் குனிந்து, கட்டிலை நகர்த்தலாம் என்று கை வைத்தவள், நகர்த்தவில்லை.

கட்டில் ஏற்கெனவே உள்ளே தள்ளித்தான் இருந்தது. கோட்டிலிருந்து விரல் வைத்துப் பார்த்தாள். எட்டு விரல் தள்ளி. பீரோவும் அதே கணக்கில். மேஜை, நாற்காலி, எல்லாம். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோட்டுக்கு ஒட்டி நின்றன. நண்டு நடை நடந்த இடத்தில் பாதத் தடம் குறுக்குக் குறுக்காக, நெருக்கி நெருக்கி, உண்மையான வழியின் அகலத்துக்குள்ளேயே விழுந்திருந்தது. ஒரு தடம்கூட வெளியே போகவில்லை.

வாசலில் "டொக் டொக்" என்று கேட்டது. டிரைவர் கையில் பையோடு நின்றார். முட்டி போட்டிருந்தவளையும் ஈரத் துணியையும் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே. சவரத்துக்குன்னு போனேன்ல, நேரா அந்த வீட்டுக்குத்தான் போனேன். புரோக்கர் திறந்து விட்டான். உள்ள நின்னு ஒரு சுத்துப் பார்த்தேன். ரெண்டு விரல் இடைவெளியில லாரியை உரசாம பஸ்ஸை எடுத்தவன்கிட்டயா உன் நாலு விரல் செல்லும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நீங்க ஜெயிச்சிருப்பீங்களே!"

"ஜெயிச்சு?" டிரைவர் பையை மேஜையில் வைத்தார். வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "ஜெயிச்சிட்டு நான் இந்த வீட்டுல கையைக் காலை நீட்டிக்கிட்டுப் படுப்பேன். நீ மெஷின் மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டு இருப்ப. அந்த ஜெயிப்பு எனக்கு எதுக்கு? அதான், உண்மையான அளவுல இருக்க முடியுதான்னு நானே பார்த்துக்கிட்டேன். முடியுது. கொஞ்சம் முழங்கால் இடிக்குது, அவ்வளவுதான்."

அவள் ஈரத் துணியை முகத்தில் பொத்திக்கொண்டாள். முகமெல்லாம் சாக்கட்டிக் கறை ஆயிற்று. "அழாத, யூனிஃபார்ம்ல ஒட்டிக்கும்" என்றார் அவர்.

பத்திரத்தை அன்றே எடுத்து வரச் சொன்னார், பத்தாம் நாள் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. கோட்டுக்குள் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் இந்த முறை கேட்காமலேயே வாசல் வழியாக வந்து, வாசல் வழியாகவே போனார்.

மறு மாதம் மூன்றாம் மாடியில், நிஜச் சுவர்களுக்கு நடுவே, நிஜக் கட்டிலைப் போட்டார்கள். மெஷினை மூடி ஜன்னல் ஓரமாக வைத்து, அதன் மேல் பூச்செடி ஒன்றை வைத்தார்கள். தையலம்மா போர்வையை உதறிப் போட்டுவிட்டு, பழக்கத்தில் சுவர்ப் பக்கம் போகப் பார்த்தாள். ஆள் நுழைய இடமில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அந்தப் பக்கம் படுக்கிறவர் எழுந்து வர வேண்டுமானால் கால்மாட்டு வழியாக ஊர்ந்துதான் வர வேண்டும்.

டிரைவர் தலையணையைத் தூக்கிச் சுவர் ஓரம் போட்டுவிட்டு, கால்மாட்டு வழியாக ஊர்ந்து போய் அங்கே படுத்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். "எனக்குச் சுவர் பக்கம்தான் வேணும்."