அடிநாக்கில் இருந்த சுரப்பி

டோரின் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். வயது முப்பத்திரண்டு. அடிநாக்கில் ஏதோ உருண்டு திரண்டு, சோறு விழுங்குவதே பெரும்பாடாகிப்போனது. கதைத்தால் வாய்க்குள் கொழுக்கட்டை கிடக்கிற மாதிரி.

வெள்ளவத்தையில் தனியார் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் ஜெயசோதி, லைட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கட்டி. வெள்ளிக்கிழமை வெட்டுவம்."

"ஸ்கான் ஒண்டும் எடுக்கத் தேவையில்லையோ, டொக்டர்?"

அவர் அவளுடைய குளறலை அப்படியே கதைத்துக் காட்டினார். நேர்ஸ் சிரித்தாள். "டொக்டர் ஆர், நீரோ நானோ?" என்று கேட்டார் அவர்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து சேரும்வரை பஸ்சில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுசன்ர கை என்ர வாய்க்குள்ள வராது என்று அந்தோனியார்மேல் சத்தியம் பண்ணினாள். வெள்ளிக்கிழமை போகவுமில்லை. மருத்துவம் தெரிந்து அல்ல, வெறும் வன்மத்தில்.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் றமீலா அவளுடைய கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரத்தம் சோதித்தார். இரண்டு ஸ்கான் எடுப்பித்தார்.

"டோரின், இது தைரொயிட் சுரப்பி. தாயின்ர வயித்துக்குள்ள இருக்கேக்கையே நாக்கிலயிருந்து கழுத்துக்கு இறங்கியிருக்கோணும். உங்களுக்கு இறங்கேல்ல. கழுத்தில ஒண்டுமே இல்லை. உங்களிட்ட இருக்கிறதே இது ஒண்டுதான்."

"வெட்டியிருந்தா?"

"இருந்ததும் போயிருக்கும். வேலை செய்ய ஏலாமத்தான் அது வீங்கியிருக்கு. அது சுரக்க வேண்டியதைக் குளிசையாப் போட்டா மெல்லச் சுருங்கும். மூச்சை அடைச்சா, இல்லாட்டி ரத்தம் வந்தாத்தான் வெட்டுறதைப் பற்றி யோசிப்பம்."

ஒவ்வொரு விடியலும் வெறுவயிற்றில் ஒரு குளிசை. விழுங்கும்போதெல்லாம் ஜெயசோதியின் முகத்தை நினைத்தாள். எட்டு மாதத்தில் உருண்டை சுருங்கியது, குரல் தெளிந்தது. குளிசையை மட்டும் ஆயுசுக்கும் விடமுடியாது.

ஒரு சனிக்கிழமை நம்பர் எடுத்துக்கொண்டு அவருடைய கிளினிக்கில் போய் இருந்தாள். முறை வந்ததும் அறைக்கதவை அகலத் திறந்து வாசலிலேயே நின்றாள். காத்திருந்த இருபது பேருக்கும் கேட்க, றமீலாவின் ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்," என்றார் ஜெயசோதி. 'நீர்' போய் 'நீங்கள்' வந்திருந்தது.

"இல்லை டொக்டர். அண்டைக்கு நான் கதைச்ச மாதிரி ஒருக்கா கதைச்சுக் காட்டுங்கோ. இவையும் கேக்கட்டும்."

அவர் கதவைச் சாத்தச் சொல்லி நேர்ஸுக்குக் கை காட்டினார். மூன்று பேர் எழும்பிப் போனார்கள். அவளுக்குத் துளி இரக்கமும் வரவில்லை.

திங்கட்கிழமை மருத்துவச் சபைக்கு ஏழு பக்கத்தில் முறைப்பாடு எழுதி அனுப்பினாள். ஒரு வருஷம் இழுத்த விசாரணையில் அவரை எச்சரித்தார்கள், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு அவர் போட்ட கடிதத்துக்கு அவள் பதில் எழுதவில்லை.

கிளினிக் இன்றும் திறந்துதான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் யாருக்காவது தொண்டை நோகிறது என்று கேள்விப்பட்டால் போதும், டோரின் வீடு தேடிப் போய்விடுவாள். "எங்க வேணுமெண்டாலும் காட்டுங்கோ. அந்தாளிட்ட மட்டும் போகாதேங்கோ."