ராட்டினத்தை விட்டு இறங்காத டெய்சி

பெருந்துறைச் சாலையில் நசுருதீன் நடத்திவந்த சின்னப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு இப்போதெல்லாம் காக்காய் கூட வருவதில்லை. விற்க மனமில்லை, ஓட்ட வழியில்லை. இடத்தை வாங்கி குடோன் கட்ட மெல்வின் வந்திருந்தார், மனைவி டெய்சியோடு.

வந்தவரை ராட்டினத்தில் ஒரு சுற்று ஏற்றாமல் விலை பேசினால் மரியாதையாகுமா?

"ஏனுங்க, ஒரே சுத்துங்க," என்றார் நசுருதீன். மெல்வின் மறுத்தார். டெய்சி ஏறிவிட்டார்.

உச்சியில் அவர் சிரித்த சிரிப்புக்கு அங்கே கோயம்புத்தூர்க் காந்திபுரத்தில் டவுன்பஸ்களே திடுக்கிட்டு நின்றிருக்கும். ஒன்பது சுற்று முடிந்து ராட்டினம் நின்றபோதும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எறங்கு அம்மணி, வெல பேசோணும்!" என்று கீழிருந்து கத்தினார் மெல்வின்.

"குடோனை வேற எங்கியாச்சும் கட்டுங்க. நான் எறங்க மாட்டேனுங்க. இருவத்தாறு வருசத்துல ஒருநாளாச்சும் என்னைய இப்படிச் சிரிக்க வெச்சிருக்கீங்களா?"

அவளை இறக்கியே தீருவேன் என்று மெல்வினும் ஏறினார். நசுருதீன் சுவிட்சைத் தட்டினார்.

மூன்றாம் சுற்றில் மேலிருந்து சிரிப்புக்கிடையே மெல்வினின் குரல் வந்தது.

"பாய்! குடோன் வேண்டாமுங்க! இதுலயே என்னையப் பங்காளியாச் சேத்துக்கறீங்களா?"

"சேத்துக்கறனுங்க!" என்று குதித்துக்கொண்டே நசுருதீன் வேகத்தைக் கூட்டினார்.