பிரியாவிடைக்குப் பின் வந்த ஞாயிறு

நல்ல மேய்ப்பன் ஒருவன் தன் மந்தையைப் பிரியும் நாளில் மலைகளும் கண்ணீர் வடிக்கும் என்று, கண்ணாடிச் சட்டம் போட்ட பிரியாவிடை மடலில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மலைகள் வடிக்கத்தான் செய்தன. அது ஜூன் மாதம். திம்புள்ளப் பக்கத்தில் யார் வந்தாலும் போனாலும் ஓகஸ்ட் முடியும்வரை அவை அப்படித்தான் வடிக்கும்.

பிரியவிருந்தவர் வணக்கத்துக்குரிய ஆபிரகாம் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர். கொட்டகலைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்துச் சபைக்கு எண்பத்தாறில் போதகராக வந்து, பதினொரு வருடம் ஞாயிறு தவறாமல் பிரசங்கித்தவர். தொண்ணூற்றேழில் கொழும்புக்கு மாற்றலானது. மனைவியும் பிள்ளைகளும் படிப்பைக் காரணம் காட்டி நான்கு வருடம் முன்பே அங்கே போய்விட்டிருந்தார்கள். போதகர் வீட்டில் மிஞ்சியது அவரும், அவருடைய பிரசங்கங்கள் எழுதிய பதினொரு கொப்பிகளும்தான்.

பிரியாவிடை வைபவம் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடந்தது. சபைச் செயலாளர் பொன்னையா கணக்கப்பிள்ளை முதலில் பேசினார். போதகர் எழுதிக்கொடுத்த மனுக்களால் எத்தனை பேருக்கு அடையாள அட்டை கிடைத்தது என்று சொன்னார். ஐயாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்றார். கோயிலின் பழைய ஓடுகளைக் கழற்றிவிட்டுத் தகரக் கூரை போட்டவர் ஐயாதான் என்று சுவரிலிருந்த கல்லைக் காட்டினார். கல்லில் போதகரின் பெயர் கூரையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கூரைக்குக் கீழே அடிக்கவென்று வந்த சீலிங் பலகையில்தான் பிரசங்க பீடத்தை நான்கு படி உயர்த்தினார்கள் என்பதைக் கல்லில் போடவில்லை.

அடுத்தடுத்துப் பேசியவர்களும் மனு, அட்டை, தகரம் என்றே சுற்றி வந்தார்கள். போதகர் காத்திருந்தார். பிரசங்கத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள். "அன்றைக்கு நீங்கள் சொன்னது என் மனதில் தைத்தது" என்று ஒருவராவது. கேக் வெட்டும்வரை காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. கடைசியில் அவரே எழுந்து, பதினொரு கொப்பிகளையும் செல்லசாமி உபதேசியாரிடம் ஒப்படைத்தார். புதுப் போதகர் வரும்வரை ஆராதனை நடத்தப்போகிறவர் அவர்.

"இது என்ர ஆயுசு. உம்மட கையில விட்டிட்டுப் போறன்."

"சரிங்க ஐயா" என்று செல்லசாமி அதைத் தேயிலைப் பெட்டியில் வைத்தார்.

எல்லோரும் அழுதார்கள். கொழுந்தெடுக்கும் அழகம்மா எல்லோரையும் விட உரக்க அழுதாள். மாலை, பொன்னாடை, சுவர்க்கடிகாரம், ஐந்து கிலோ தேயிலை எல்லாம் கொடுத்தாயிற்று. லொறி திங்கட்கிழமை வர வேண்டும்.

ஞாயிறு இரவு பெய்த மழையில் தோட்டத்துப் பாதையின் மதகு உடைந்து ஆற்றோடு போனது. திருத்த எட்டு நாளாகும் என்று தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார். உடைந்த இடத்தை நடந்து கடந்து கொட்டகலையில் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் பதினொரு வருடச் சேவைக்குப் பிறகு ஒரு கைப்பையோடு, கோழிக்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போவது போதகருக்கு முறையாகப் படவில்லை. அந்த ஒரு வார்த்தையை யாராவது இனியாவது சொல்வார்கள் என்ற ஆசையும் இருந்தது. அதை அவர் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துவிட்டு வந்த பொன்னையா, பாதையில் அவரைக் கண்டதும் குடையைத் தாழ்த்திக்கொண்டார். தப்ப முடியவில்லை.

"ஐயா... இன்னும் போகலீங்களா?"

"மதகு உடைஞ்சு போச்சு."

"ஆமாங்க, மதகு." பொன்னையா குடையை மறு கைக்கு மாற்றினார். பேச வேண்டியதையெல்லாம் ஒலிவாங்கியில் பேசியிருந்தார். "அப்ப... போயிட்டு வாங்க ஐயா" என்று இன்னொரு தடவை விடைகொடுத்துவிட்டு தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கமாகப் போய்விட்டார்.

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வெறுப்பு ஒன்றுமில்லை. அழுது வழியனுப்பிய ஒருவர் மறுநாள் கடையில் பாண் வாங்க நின்றால் அவரிடம் என்ன முகத்தோடு பேசுவது? சமையற்காரி பிரியாவிடைச் சேலையை வாங்கிக்கொண்டு பூண்டுலோயாவுக்குப் போய்விட்டிருந்தாள். சட்டிபானை பெட்டிக்குள். போதகர் கட்டிவைத்த பெட்டியொன்றின் மீது உட்கார்ந்து கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைச் சீனியில்லாத தேநீரில் தோய்த்துத் தின்றார். பரிசாக வந்த கடிகாரம் வேறொரு பெட்டிக்குள்ளிருந்து மணி அடித்தது. எந்தப் பெட்டி என்று அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது. போதகர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடினார். அழகம்மா நின்றாள், கையில் ஒரு காகிதம்.

"ஐயோ, ஐயா இருக்கீங்களா! நான் உபதேசியாரத் தேடி வந்தேங்க. ஊட்ல இல்ல, இங்கிட்டு இருப்பாரோன்னு..."

"என்ன பிள்ளை, கடிதமே? தாரும், நான் எழுதித் தாறன்."

"வேணாங்க ஐயா. ஒங்களத்தான் வழியனுப்பியாச்சுங்களே. மறுபடி கேட்டா நல்லாருக்காது."

அவள் திரும்பப் போனாள். போதகரால் பொறுக்க முடியவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். என்ர பிரசங்கம் ஏதும் ஞாபகமிருக்கே?"

"எப்புடிங்க மறக்கும்! எல்லாமே ஞாபகத்துல இருக்குங்க."

"ஒண்டு சொல்லும் பாப்பம்."

அழகம்மா மழையைப் பார்த்தாள். காகிதத்தை இடுப்பில் செருகினாள். பிறகு வலது கையை உயரத் தூக்கி, விரல்களை விரித்து, மெதுவாக இறக்கி நெஞ்சில் வைத்தாள். அசல் போதகரே.

"இதுங்க. இது வந்துச்சுன்னா எனக்கு அப்புடியே அழுக வந்துரும்."

"அப்ப நான் என்ன சொல்லுவன்?"

"அது தெரியலீங்க ஐயா" என்றாள் அவள் வெள்ளையாக.

ஞாயிறு வந்தது. போதகர் அங்கியைப் பெட்டியில் கட்டியிருந்தார். வெறும் கோட்டுடன் கோயிலுக்குள் போய், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். பதினொரு வருடத்தில் அந்த வாங்குகளில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. பீடத்திலிருந்து அவற்றைப் பார்த்ததுதான். அங்கே தூங்குகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பியதுதான். ஆட்கள் அவரவர் இடத்தில் இருந்தார்கள். கடைசி வாங்கில் பொன்னையா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பாட்டு முடிந்தது. செல்லசாமி நான்கு படியும் ஏறி ஒரு கொப்பியை விரித்தார். மழை பிடித்தது. தகரம் முழுவதும் பறையடிப்பது போல் அதிர்ந்தது. செல்லசாமியின் வாய் அசைந்தது. கை உயர்ந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

"சத்தமாப் பேசத் தெரியாதே இந்தாளுக்கு?" என்று போதகர் பொன்னையாவின் காதில் கத்தினார். "உமக்குக் கேக்குதே?"

"மழைன்னா எங்கங்க கேக்கும்?" பொன்னையாவும் கத்தினார். "சும்மா வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்."

"நான் பேசேக்குள்ள?"

பொன்னையா பீடத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். போதகரை மட்டும் பார்க்கவில்லை.

"அதே தகரந்தானுங்களே ஐயா."

மழை நாட்களில் சபை அசையாமல் தன் வாயையே பார்த்திருந்ததும், அதை ஆவியானவரின் செயல் என்று தலைமையகத்துக்கு எழுதியதும் போதகருக்கு நினைவு வந்தன. வருடத்தில் எத்தனை ஞாயிறு மழை பெய்யும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?"

"எப்புடிங்க சொல்றது? ஐயா பேரக் கல்லுல வெட்டியிருக்கே."

போதகர் கோட்டின் கழுத்தை உயர்த்திக்கொண்டு சாய்ந்தார். இந்தப் பக்கம் பொன்னையாவின் கம்பளி, அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் தோள். ஒரு வாரத்தில் மனிதர் அவருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தது இதுதான் முதல் தடவை. மழைச் சத்தம் தலைக்கு மேலே போர்வை மாதிரி விரிந்திருந்தது.

ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்த செல்லசாமியிடம் எல்லோரும், போதகரிடம் பதினொரு வருடமாகச் சொன்ன அதே சொல்லைச் சொல்லிப் போனார்கள். போதகரின் முறையும் வந்தது.

"நல்ல பிரசங்கம்" என்றார்.

செல்லசாமி வெட்கத்துடன் கொப்பியை நீட்டினார். "ஐயாவோடதுங்க. மொதக் கொப்பியில மொதப் பிரசங்கம். ஒரு எழுத்தும் மாத்தாம வாசிச்சேங்க. அழகம்மா அழுதுருச்சு. இத்தன நாளு ஐயா இதச் சொல்லவே இல்லயேன்னு கேட்டுச்சு."

"மழையில அவவுக்கு எப்பிடிக் கேட்டது?"

"மழை பாதியில விட்டுருச்சுங்களே ஐயா."

அது உண்மைதான். மழை விட்ட பிறகு பிரசங்கம் இருபது நிமிடம் நடந்தது. போதகரின் குறட்டை பீடம்வரை கேட்டது.